சேர்த்து வைத்தால் போதாது, சொல்லியும் வைக்க வேண்டும்

(வட்டாரக் கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் முன்னாள் செயலாளர் ஆற்றிய உரை. பேசியதைப் பெரிதாக மாற்றாமல் இங்கே தருகிறோம்.)



எனக்குக் கொடுத்த தலைப்பு "முதுமையும் முன்னேற்பாடும்". தலைப்பை மைக்கில் சொன்னதும் மூன்றாவது வரிசையில் ஒரு தங்கச்சி பக்கத்தில் இருந்தவங்க காதில், "எனக்கு 32 வயசுதான் ஆவுது, நான் டீ குடிச்சுட்டு வரட்டுமா"ன்னு கேட்டுச்சு. எனக்குக் கேட்டுடுச்சு. உட்காரும்மா. நான் முக்கியமா உன்கிட்ட பேசத்தான் வந்திருக்கேன். ஏன்னு முடிக்கறதுக்குள்ள உனக்கே தெரியும்.

புள்ளிவிவரத்தை அப்புறம் சொல்றேன். முதலில் என் மாமியார் கதையைச் சொல்லிவிடுகிறேன். இதை இதுவரை எந்த மேடையிலும் சொன்னதில்லை.

என் மாமியார் மீன் விற்றவங்க. விடியற்காலம் கரையில் ஏலம் எடுத்து, அன்னக்கூடையைத் தலையில் வைத்து, திருக்கழுக்குன்றம் வரைக்கும் போய் விற்பாங்க. எனக்குத் தொழிலைக் கற்றுக்கொடுத்ததும் அவங்கதான். எந்த மீனுக்கு எவ்வளவு நேரம் தாங்கும், யாருக்குக் கடன் கொடுக்கலாம், யாருக்குக் கொடுக்கக்கூடாது, எல்லாம் அவங்க சொன்னது. வாய் ஓயாது. வீதி முனையில் வரும்போதே சத்தம் கேட்கும்.

2013 ஐப்பசி மாசம். மழை நாள். காலையில் வாசல் தெளிக்கப் போனவங்க அப்படியே சாய்ந்துட்டாங்க. வலது கை, வலது கால் இழுத்துக்கிச்சு. வாய் கோணிடுச்சு. நாங்க என்ன செய்தோம் தெரியுமா? யாரோ சொன்னாங்கன்னு பச்சிலைக் கட்டு போட ஒரு இடத்துக்குக் கொண்டுபோனோம். சாயந்தரம்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பக்கவாதம் வந்தால் நாலரை மணி நேரத்துக்குள்ளே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் ரத்தக் கட்டியைக் கரைக்க ஊசி போட வழி இருக்கு என்று அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது. இன்றைக்கு நீங்க தெரிஞ்சுக்கோங்க. வாய் கோணினா, கை தூக்க முடியலைன்னா, பேச்சு குழறினா, உடனே 108. பச்சிலை வேண்டாம், நாளைக்குப் பார்க்கலாம் என்பதும் வேண்டாம்.

ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் இருந்தோம். உயிர் பிழைச்சாங்க. பேச்சு மட்டும் வரவே இல்லை. புரியும், ஆனால் சொல்ல வராது. அப்படியே நாலு வருஷம் படுக்கையில் இருந்தாங்க.

இதில் ஒரு கணக்கைக் கவனிங்க. ஆஸ்பத்திரி ஒன்பது நாள். வீடு நாலு வருஷம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைக்குக் கிடைக்கிறது. நல்ல திட்டம், அட்டை இல்லாதவங்க உடனே எடுக்கணும். ஆனால் அந்த அட்டை ஆஸ்பத்திரிச் செலவுக்கு. அதற்குப் பிறகு வீட்டில் புரட்டிப் போடுறது, குளிப்பாட்டுறது, ஊட்டுறது, மலம் ஜலம் எடுக்கிறது, இதற்கு எந்த அட்டையும் கிடையாது. நாம வைத்தியச் செலவுக்குப் பயப்படுறோம். பராமரிப்புச் செலவைப் பற்றி யோசிக்கிறதே இல்லை.

பேம்பர்ஸ் ஒரு நாளைக்கு மூன்று. ஒன்று 35 ரூபாய் என்றால் மாசம் 3,000 ரூபாய்க்கு மேல். இரண்டு மாசம் வாங்கினோம். அப்புறம் பழைய பருத்திப் புடவையைக் கிழிச்சு மடிச்சுப் போட்டோம். ஆள் வைக்கலாம் என்று விசாரித்தால், அப்பவே எங்க வீட்டு மொத்த வருமானத்தைவிட அதிகமாகக் கேட்டாங்க. அதனால் நானே ஆள் ஆனேன். தொழில் நின்னுது. குழுவில் அப்ப நான் பிரதிநிதி, அதையும் விட்டேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் போடணும், இல்லைன்னா படுக்கைப் புண் வரும் என்று ஒரு நர்ஸம்மா சொல்லித் தந்தாங்க. அவங்க சொல்றதுக்குள்ள முதுகில் ஒரு புண் வந்துடுச்சு. அந்தப் புண் ஆற ஏழு மாசம் ஆச்சு.

30,000 ரூபாய் வெளியில் கடன் வாங்கினோம். நூற்றுக்கு 5 ரூபாய் வட்டி. மாசம் 1,500 ரூபாய் வட்டிக்கே போகும்.

படுத்திருந்த நாள் முழுக்க அவங்க இடது கையைத் தூக்கிப் பரணைக் காட்டுவாங்க. பரணில் எங்க மாமனார் படம் இருந்தது. அவரை நினைச்சுக்கிறாங்கன்னு நினைச்சு, படத்தை இறக்கித் துடைச்சு எதிரே மாட்டினோம். இல்லைன்னு தலையை ஆட்டுவாங்க. மறுபடி பரணைக் காட்டுவாங்க. கண்ணில் தண்ணி வரும். "என்னா அத்தே, என்னா வேணும்"னு கேட்பேன். சில நாள் கோபத்திலயும் கேட்டிருக்கேன். ராத்திரியெல்லாம் தூங்காமல் இருந்தால் யாருக்கும் கோபம் வரும். ஒரு நாள், "செத்துப் போனவரையே காட்டிக்கிட்டு இருந்தா நான் என்னா பண்றது"ன்னு கத்திட்டேன். அதுக்கப்புறம் ஒரு வாரம் அவங்க கையைத் தூக்கவே இல்லை.

2017 ஆடியில் போய்ச் சேர்ந்தாங்க. காரியம் முடிஞ்சு பரணைச் சுத்தம் பண்ணினோம். உடைஞ்ச வலைக்கட்டுக்குப் பின்னாடி ஒரு பழைய இட்லிப் பானை. அதுக்குள்ள ஒரு மஞ்சப்பை. பையில் 43 ஐந்நூறு ரூபாய் நோட்டு. 21,500 ரூபாய். எல்லாம் பழைய நோட்டு. 2016 நவம்பர் 8ஆம் தேதி ராத்திரி செல்லாதுன்னு அறிவிச்ச நோட்டு. மாற்றிக்கொள்ளக் கொடுத்த கெடுவெல்லாம் முடிஞ்சு பல மாசம் ஆகியிருந்தது.

எங்க மாமியார் தன் கடைசிக் காலத்துக்குத் தானே சேர்த்து வச்சிருக்காங்க. தலைக்கு மேல அவங்க பணம் இருக்க, கீழே நாங்க வட்டிக்கு வாங்கி அவங்களைப் பார்த்திருக்கோம். அவங்க நாலு வருஷமா அதைத்தான் சொல்லிக்கிட்டு இருந்திருக்காங்க.

இதில் யாரைக் குறை சொல்றது? ஏன் மறைச்சாங்கன்னு எனக்குத் தெரியும். சொன்னால் மகன் வலை வாங்கக் கேட்பான். மகள் சீருக்குக் கேட்பாள். கொடுக்காமல் இருக்கவும் முடியாது. நம்ம பாட்டிமார் அரிசிப் பானையிலயும் அஞ்சறைப் பெட்டியிலயும் பணம் வச்சது இதனாலதான். ஒரு பொம்பளை தன் பேரில் நாலு காசு வச்சிருக்கேன்னு பயமில்லாமல் சொல்ல ஒரு இடம் இல்லை. அப்படி ஓர் இடமாகத்தானே நாம குழுவை உண்டாக்கினோம்? தமிழ்நாட்டில் 1989இல் தருமபுரி மாவட்டத்தில் முதல் குழுக்கள் தொடங்கினபோது இருந்த எண்ணமும் அதுதான். பானையில் இருந்த பணம் பெட்டிக்கும், பெட்டியில் இருந்தது வங்கிக்கும் போச்சு. பணம் வெளியில் வந்துடுச்சு. ஆனால் பேச்சு மட்டும் இன்னும் பானைக்குள்ளயே இருக்கு. எனக்கு முடியாமல் போனால் யார் பார்ப்பாங்க, எங்கே இருப்பேன், எந்தப் பணத்தில் என்று எந்தக் குழுக் கூட்டத்திலாவது பேசியிருக்கோமா? தீர்மானப் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்க. இருக்காது.

இப்ப புள்ளிவிவரம். தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் கணக்குப்படி 2021இல் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 13.6 பேர் 60 வயதைத் தாண்டியவங்க. 2031இல் இது 18.2 ஆகும் என்று மதிப்பிட்டிருக்காங்க. கேரளாவுக்கு அடுத்தபடி நாமதான். நம்ம வீடுகளில் ஒன்று, இரண்டு பிள்ளைதான். அந்தப் பிள்ளைகளும் மறைமலை நகர், ஒரகடம், மகிந்திரா சிட்டி என்று கம்பெனி வேனில் ஏறிப் போகுதுங்க. பெண்பிள்ளைகள் வேலைக்குப் போய் சம்பளம் வாங்குறதைப் பார்க்க எவ்வளவு சந்தோஷமா இருக்கு! நான் படுத்தால் முதலில் நிற்கப்போவது அந்தப் பெண்ணோட வேலைதான். மகன் வேலையை விடச்சொல்லி யாரும் கேட்க மாட்டாங்க. அதனாலதான் தங்கச்சி, 32 வயசுக்காரியான உன்னை உட்காரச் சொன்னேன். உன் மாமியாருக்கு முன்னேற்பாடு இல்லைன்னா, உன் தையல் மெஷின் நிற்கும். உன் குழுக் கடன் தவணை நிற்கும். முதுமை கிழவிங்க பிரச்சினை இல்லை, வீட்டில் இருக்கிற இளம் பெண்ணோட பிரச்சினை.

இன்னொன்று. பெரும்பாலும் புருஷன் நம்மைவிட வயசில் மூத்தவர். அவருக்கு முடியாமல் போனால் நாம பார்த்துக்கறோம். அவரை அனுப்பிவச்சிட்டு நாம தனியாக நிற்கும்போது, நம்மைப் பார்க்க யார்? இந்தக் கேள்விக்கு "கடவுள் இருக்கான்"னு சொல்லலாம். நானும் நம்புறவதான். ஆனால் புரட்டிப் போட மனுஷக் கை வேணும்.

சரி, என்ன செய்யலாம்? நான் மூன்று விஷயம் சொல்றேன். சொல், பணம், கை.

முதலாவது, சொல். வாய் இருக்கும்போதே சொல்லிடணும், எழுதியும் வச்சிடணும். ஒரு தாள் போதும். எனக்கு முடியாமல் போனால் எனக்காக முடிவெடுக்க வேண்டிய ஆள் யார். என் வங்கிக் கணக்கு எது, குழுச் சேமிப்பு எவ்வளவு, யாருக்கு எவ்வளவு கொடுக்கணும், யார் எனக்குத் தரணும். எல்லாக் கணக்கிலும் வாரிசுதாரர் பெயர் போட்டாச்சா. என்ன மாத்திரை சாப்பிடுறேன், எந்த மருந்து ஒத்துக்காது. நகை அடகில் இருந்தால் ரசீது எங்கே.

வீடு, நிலம் உள்ளவங்களுக்கு ஒரு தனி வார்த்தை. மகன் கேட்டான் என்று அவசரப்பட்டுத் தான செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்துடாதீங்க. எனக்குத் தெரிந்த ஓர் அக்கா, ஊர் பேர் வேண்டாம், பாசத்தில் எழுதிக் கொடுத்தாங்க. ஒரு வருஷத்தில் அவங்க பாய் திண்ணைக்கு வந்துடுச்சு. உயில் என்றால், உயிரோடு இருக்கும்வரை சொத்து உங்க கையில். எப்ப வேணும்னாலும் மாற்றி எழுதலாம். இரண்டு சாட்சி போதும். பதிவு செய்வது கட்டாயம் இல்லை, செய்தால் நல்லது. செட்டில்மென்ட்தான் எழுதணும் என்றால், "என்னைக் கடைசி வரை வைத்துப் பராமரிக்க வேண்டும்" என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்க. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007இல் வந்தது. அந்த நிபந்தனையை மீறினால் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்க 23ஆவது பிரிவு வழி தருகிறது. 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசத்துத் தாய் ஒருத்தர் வழக்கில், மகனுக்குக் கொடுத்த தானப் பத்திரத்தை உச்ச நீதிமன்றமே ரத்து பண்ணி, வீட்டைத் திரும்பக் கொடுக்கச் சொல்லிச்சு. இதுக்கு நாம முதலில் போகவேண்டிய இடம் கோர்ட் இல்லை. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் இருக்கிற தீர்ப்பாயம். நம்ம மாவட்டத்தில் செங்கல்பட்டு, மதுராந்தகம், தாம்பரம் என்று மூன்று கோட்டம் இருக்கு. பிள்ளைகள் பார்க்கலைன்னா மாதப் பராமரிப்புத் தொகை கேட்டும் அங்கேயே மனு கொடுக்கலாம். விவரம் கேட்க முதியோர் உதவி எண் 14567.

கடைசி நேர வைத்தியம் பற்றியும் சொல்லி வைக்கலாம். பிழைக்க வழியில்லாத நிலையில் எனக்குச் செயற்கை சுவாசம் வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்க 2018இல் உச்ச நீதிமன்றம் அனுமதி தந்தது. 2023இல் நடைமுறையை எளிமையாக்கி, இரண்டு சாட்சியோடு நோட்டரியிடம் கையெழுத்து வாங்கினால் போதும் என்று சொல்லிடுச்சு. எழுதணும்னு நான் யாரையும் கட்டாயப்படுத்தலை. வழி இருக்குன்னு தெரிஞ்சுக்கோங்க.

சின்ன ஆசையையும் எழுதுங்க. எங்க மாமியாருக்கு நெத்திலிக் கருவாட்டுக் குழம்புன்னா உயிர். படுத்த பிறகு உப்பு ஆகாதுன்னு நாலு வருஷம் கஞ்சியும் ரசமுமாகக் கொடுத்தோம். ஒரு நாள் ஒரு வாய் கொடுத்திருக்கலாம்னு இன்னமும் தோணும்.

இரண்டாவது, பணம். கடலோரத்துப் பெண்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. மீனவ மகளிர் சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் நாம மீன் கிடைக்கிற மாசங்களில் சிறுகச் சிறுக 1,500 ரூபாய் கட்டறோம். மாநில அரசு 3,000 ரூபாய் போட்டு, மழைக்காலத்தில் மீன் குறையும்போது 4,500 ரூபாயாகத் தர்றாங்க. கடல் எல்லா மாசமும் கொடுக்காதுன்னு நமக்குத் தெரியும். உடம்பும் எல்லா வருஷமும் கொடுக்காது.

40 வயதுக்குள் இருப்பவங்களுக்கு அடல் ஓய்வூதியத் திட்டம் இருக்கு. 2015இல் வந்தது. 60 வயதுக்குப் பிறகு மாசம் 1,000 முதல் 5,000 ரூபாய் வரை. 18 வயதில் சேர்ந்தால் 5,000 ரூபாய் ஓய்வூதியத்துக்கு மாசம் 210 ரூபாய் கட்டணும். 30 வயதில் சேர்ந்தால் அதே 5,000க்கு 577 ரூபாய். பன்னிரண்டு வருஷம் தள்ளிப்போட்டதற்கு இரண்டரை மடங்குக்கு மேல். நமக்குப் பிறகு அதே ஓய்வூதியம் கணவருக்குப் போகும், இருவருக்கும் பிறகு சேர்ந்த தொகை வாரிசுக்கு. ஒன்றை மறைக்காமல் சொல்லணும். இன்னும் முப்பது வருஷம் கழிச்சு 5,000 ரூபாய் இன்றைய 5,000 ரூபாய் மாதிரி இருக்காது. அதனால் இது ஒன்றையே நம்ப வேண்டாம். வங்கியிலோ தபால் நிலையத்திலோ உங்க பேரில் ஒரு தொடர் சேமிப்பும் வேணும். மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பர் 15 அன்று பக்கத்துக் காஞ்சிபுரத்தில்தான் தொடங்கினாங்க. மாசம் 1,000 ரூபாய் வருது. அதில் 200 ரூபாயை, கண்ணை மூடிக்கிட்டு, உங்க கிழவிக்குப் போடுங்க. உங்க கிழவின்னா, நாளைக்கு நீங்க ஆகப்போற கிழவிக்கு.

60 வயதைத் தாண்டியவங்க, கையில் ஒன்றும் இல்லாதவங்க, முதியோர் உதவித்தொகையை விடாதீங்க. இது 1962லேயே தொடங்கின திட்டம். 2023 ஆகஸ்ட்டிலிருந்து மாசம் 1,200 ரூபாய். இ-சேவை மையத்தில் மனு போடலாம். ஆனால் நம்ம ஊரில் ஒரு சங்கடம் இருக்கு. மீன் வெட்டி, உப்பு அள்ளி, களை பிடுங்கின கையில் ரேகை தேய்ஞ்சு போயிருக்கு. மெஷின் விரலை ஏற்காது. நடக்க முடியாதவங்க இரண்டு மூன்று தடவை அலைஞ்சு விட்டுடறாங்க. வங்கித் தோழி நம்ம பிள்ளைதானே? வீட்டுக்கு வரச்சொல்லி வாங்கிக்கொடுக்கிறது குழுவோட பொறுப்பு. ரேஷனுக்கு 2025 ஆகஸ்ட்டில் தாயுமானவர் திட்டம் வந்திருக்கு. வயசானவங்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே பொருள் வருது. வராத வீடு எதுன்னு ஊரில் நமக்குத்தான் தெரியும்.

செலவில்லாத முன்னேற்பாடும் உண்டு. குளியலறையில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. வாசப்படியில் ஒரு பல்பு. ராத்திரி எழுந்தால் கால் தடுக்காத தரை. விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பிறகு செய்யப்போற செலவில் இது நூறில் ஒரு பங்கு இருக்காது. கைத்தடி, சக்கர நாற்காலி, காது மெஷின் தேவைப்படும் ஏழை முதியவர்களுக்கு மத்திய அரசின் வயோஸ்ரீ திட்டத்தில் இலவசமாகத் தர்றாங்க. முகாம் நடக்கும்போது பெயர் கொடுக்கணும்.

மூன்றாவது, கை. இதுதான் பெரிசு. பணம் இருந்தாலும் கை வேணும்.

எங்க மாமியார் படுத்த இரண்டாவது வருஷம், கடன் கழுத்தை நெரிச்சப்ப, எங்க குழுவில் இரண்டு பேர் வந்தாங்க. "நீ செவ்வாயும் வெள்ளியும் மீன் விக்கப் போ. காலையில ஏழுலேர்ந்து பன்னண்டு வரைக்கும் நாங்க மாறி மாறி உக்காந்துக்கறோம்"னாங்க. குழு என் பெயரை எடுக்கவும் இல்லை. சந்தாவை ஆளுக்குக் கொஞ்சமாகப் போட்டு என் கணக்கில் எழுதினாங்க. வாரத்தில் இரண்டு நாள்தான். ஆனால் அந்த இரண்டு நாளில்தான் நான் மனுஷியாக இருந்தேன். கூடையைத் தூக்கிக்கிட்டு நாலு பேரைப் பார்த்துப் பேசிட்டு வந்தால், அத்தையைத் தொடுற கையே வேற மாதிரி இருக்கும்.

இன்றைக்கு நம்ம நிலைமை அன்றைக்கு மாதிரி இல்லை. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கினாங்க. சர்க்கரை, ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை வீடு தேடி வருது. கொண்டுவருவது யார்? நம்ம குழுக்களிலிருந்து போன பெண்கள்தான். படுத்த படுக்கையாக இருப்பவங்களுக்கு வலி தணிப்பு நர்ஸும், உடற்பயிற்சி சொல்லித்தர பிசியோதெரபிஸ்ட்டும் வீட்டுக்கு வர்றாங்க. 2024இல் ஐக்கிய நாடுகள் சபையின் அமைப்பு இதற்கு விருது கொடுத்தது. விருதைவிட, எங்க மாமியாருக்கு முதுகில் புண் வந்தப்ப இப்படி ஒருத்தர் வந்திருந்தால் என்றுதான் எனக்குத் தோணுது. உங்க வீட்டில் படுக்கையாக யாராவது இருந்தால் தன்னார்வலரிடம் பெயர் பதியுங்க. கூச்சப்பட்டு உள்ளறையில் வைத்துக்கொள்ளாதீங்க.

மற்ற இடங்களில் என்ன செய்தாங்கன்னும் பாருங்க. 2004 டிசம்பர் 26 சுனாமியை நம்ம கரையும் மறக்கலை. அதற்குப் பிறகு கடலூர், நாகப்பட்டினம் பக்கம் ஹெல்பேஜ் இந்தியா நிறுவனம் முதியோர்களையே சேர்த்துச் சுய உதவிக் குழு அமைச்சுது. வயசானவங்களுக்குக் கடன் கொடுக்க யாரும் முன்வராதபோது, அவங்களே சேமிச்சு அவங்களே கடன் கொடுத்துக்கிட்டாங்க. நம்ம வாழ்வாதார இயக்கத்திலும் முதியோர் குழுவுக்கு இடம் உண்டு. ஐந்து பேர் இருந்தாலே போதும். கேரளாவில் 1993இல் கோழிக்கோட்டில் சிலர் வலி தணிப்பு மருத்துவச் சேவையைத் தொடங்கினாங்க. பிறகு ஊர்க்காரங்களே பயிற்சி எடுத்துக்கிட்டு படுக்கையில் இருப்பவங்க வீட்டுக்குப் போனாங்க. 2008இல் கேரள அரசு அதைக் கொள்கையாகவே ஆக்கிடுச்சு. ஜப்பானில் 2000ஆம் ஆண்டிலிருந்து பராமரிப்புக்கென்றே தனிக் காப்பீடு இருக்கு. 40 வயது ஆனதும் எல்லாரும் கட்டணும். பணக்கார நாடே 40 வயதில் ஆரம்பிக்குது.

நமக்கு அப்படிக் காப்பீடு இல்லை. ஆனால் நம்மகிட்ட மொய் நோட்டு இருக்கு. எந்தக் கல்யாணத்துக்கு யார் எவ்வளவு வச்சாங்கன்னு இருபது வருஷத்துக் கணக்கை எழுதி வச்சிருக்கோம். திருப்பிச் செய்யாமல் விடுறதில்லை. நடவுக்கு மாத்தாள் போனால், நம்ம கழனிக்கு அவங்க வந்தாகணும். அதே நோட்டைப் பராமரிப்புக்குப் போட முடியாதா? இன்றைக்கு நான் உன் மாமியாரோட இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால், என் கணக்கில் இரண்டு மணி நேரம் வரவு. நாளைக்கு எனக்கு முடியாதபோது குழுவில் யாராவது அதைத் திருப்பிச் செய்யணும். ரூபாய் கணக்கு எழுதுற பெண்களுக்கு மணிக் கணக்கு எழுதத் தெரியாதா?

சிக்கலும் இருக்கு, அதையும் சொல்றேன். பத்து வருஷம் செய்துட்டு, திரும்ப வாங்கும்போது குழுவே கலைஞ்சு போயிருந்தால்? அதனால்தான் கணக்குக் குழு நோட்டில் மட்டும் இருந்தால் போதாது, ஊராட்சிக் கூட்டமைப்பிலும் ஏறணும். ஆண் நோயாளியைக் குளிப்பாட்டப் பெண்கள் போக முடியுமா? வீட்டு ஆண்கள் கற்றுக்கொள்ளணும், வேற வழியில்லை. என் வீட்டுக்காரர் நாலாவது வருஷம்தான் தன் அம்மாவைப் புரட்டக் கற்றுக்கிட்டார். முதல் வருஷமே கற்றிருந்தால் எனக்குப் பாதி ராத்திரித் தூக்கமாவது கிடைச்சிருக்கும். பராமரிப்பு வேலைக்கு நன்றாகப் பயிற்சி எடுத்து, கூலிக்கே செய்யவும் நம்ம பெண்கள் சில பேர் முன்வரலாம். அது தொழில், கேவலம் இல்லை. அதற்கு மரியாதையான கூலி நாம கொடுத்தால்தான் மற்றவங்களும் கொடுப்பாங்க.

ஆகவே இந்தக் கூட்டத்தில் நான் வைக்கும் தீர்மானம் இது. ஒன்று, அடுத்த மாதக் கூட்டத்தில் ஒவ்வொரு குழுவும் ஒரு மணி நேரம் இதைப் பேசணும், ஒவ்வொருத்தரும் தன் தாளை எழுதணும். எழுதத் தெரியாதவங்களுக்குக் கணக்காளர் எழுதித் தரணும். ஒட்டிய உறையில் குழுப் பெட்டியில் ஒரு பிரதி, அவங்க நம்புற ஒரு ஆளிடம் ஒரு பிரதி. இரண்டு, ஒவ்வொரு ஊராட்சிக் கூட்டமைப்பிலும் பராமரிப்பு நிதி தொடங்கணும். 200 உறுப்பினர் மாசம் 20 ரூபாய் போட்டால் மாசம் 4,000, வருஷம் 48,000. முதல் வருஷத்திலேயே இரண்டு சக்கர நாற்காலி, ஒரு காற்று மெத்தை, இரண்டு கமோடு நாற்காலி வாங்கி, வாடகை இல்லாமல் சுற்றில் விடலாம். ஒரு வீட்டில் தேவை முடிஞ்சால் அடுத்த வீட்டுக்குப் போகும். மூன்று, மணிக் கணக்கு நோட்டு. இதை முதலில் இரண்டு குழுவில் ஆறு மாசம் நடத்திப் பார்த்து, குறை நிறை தெரிஞ்சுக்கிட்டு மற்ற குழுக்களுக்குக் கொண்டுபோகலாம்.

முடிக்கறதுக்கு முன்னாடி என் தாளைப் பற்றிச் சொல்லணும். எனக்கு இப்ப 58 வயசு. ஒரே மகள். மகிந்திரா சிட்டியில் வேலை. போன மாசம் ஞாயித்துக்கிழமை என் தாளை அவளுக்குப் படிச்சுக் காட்டினேன். "எனக்கு முடியாமப் போனா நீ வேலையை விடக்கூடாது"ன்னு முதல் வரி. அவ அழுதா. "இப்ப எதுக்கும்மா இதெல்லாம், அபசகுனமா"ன்னா. நான் பரணைக் காட்டினேன். அவளுக்குப் பாட்டி கதை தெரியும். கொஞ்ச நேரம் கழிச்சு அவளே பேனாவை வாங்கி, ஒரு வரி சேர்த்தா. "அம்மாவுக்கு வாரம் ஒரு நாள் கருவாட்டுக் குழம்பு, டாக்டர் என்ன சொன்னாலும் ஒரு வாய்."

அந்தத் தாளை நாளைக்குக் குழுப் பெட்டியில் வைக்கப் போறேன். முதல் உறை என்னுடையது. அடுத்த உறை யாருடையதுன்னு இப்பவே கை தூக்குங்க, பெயர் எழுதிக்கறேன்.